வால்ட்டர் பாஜட் என்னும் பாங்கர் சரித்திரம்

நாணயம் என்னும் சொல் நம் தமிழில் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்பது. அரசாங்கம் முத்திரை பொறித்த காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயம். பின்னது குன்றின், முன்னது கோடி குவிந்திருப்பினும் பயன்படாது என்பதைக் கொடுக்கல் வாங்கலைக் குலத்தொழிலாகக் கொண்ட நம் முன்னோர் அனுபவத்தால் நன்கு அறிந்திருந்தனர். மேல்நாட்டில் இவ்வுண்மையை ஆராய்ந்து, ஒரு தேசத்தின் பணம் முழுவதும் நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணின்மேல் எவ்வாறு நிற்கின்றது என்பதையும், அத்தூண் ஆடுங்காலத்து அதனைத் தாங்கக் கடமைப்பட்டவர் யாவர், எங்ஙனம் தாங்கல் வேண்டும் என்பதையும் நூல்வாயிலாக விளக்கியவர் வால்ட்டர் பாஜட் என்னும் ஆங்கிலேயர். அவர் ஏட்டுக்கல்வி மட்டும் உடைய பண்டிதரல்லர். பாங்கர் குடும்பத்திற் பிறந்து, பேரேட்டின் முன் அமர்ந்து, வரவும் பற்றும் பார்த்துப் பழகியவர். நம் சங்கத்தின் மாத வெளியீட்டைப் படிக்கும் அன்பர்கட்கு, சிறப்பாகத் தொழில் பயிலும் இளைஞர்கட்கு, அவருடைய சரித்திரம் பெரிதும் பயன்தரும் எனக் கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் குடும்பமும்

பாஜட் 1826-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள ஸாமர்ஸெட் ஜில்லாவில் லாங்போர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரில் ஸ்டக்கி பாங்கி என்பதொரு பாங்கி இருந்தது. அது நாட்டுப்புறத்துப் பாங்கியே எனினும், தன் பெயராலேயே நோட்டுக்கள் வெளியிடும் உரிமை பெற்றுப் பெருமதிப்புடன் விளங்கியது. தந்தையார் தாமஸ் வாட்ஸன் பாஜட் அப்பாங்கியின் நிர்வாகத்தில் முதன்மை வாய்ந்தவர். தாயார் ஈடித் அம்மையார் அப்பாங்கியை நிறுவிய ஸாமுவேல் ஸ்டக்கியின் உடன்பிறந்தார் மகளாவார். ஆகவே தாய்வழி, தந்தைவழி இரண்டும் பாங்கித் தொழிலே. பெட்டியடிக்கு அருகிலேயே தொட்டில் கட்டி வளரும் நம் குலத்துப் பிள்ளைகளின் நிலைமைக்கு இது மிகவும் ஒத்திருத்தல் காண்க.

செல்வமும் மதிப்பும் நிறைந்த அக்குடும்பத்தில் ஒரு பெருந் துயரமும் குடிகொண்டிருந்தது. ஈடித் அம்மையார் மிக்க அறிவும் இனிய சொல்லும் உடையவரேயாயினும், அவர்க்கு அவ்வப்போது சித்தப் பிரமை உண்டாகும். முதற் கணவர் மூலம் அவர் பெற்ற பிள்ளை ஒருவனும் புத்தி வளர்ச்சி குன்றியவனாகவே வாழ்ந்தான். இத்தகைய இல்லத்தில் வளர்ந்த பாஜட், தாயாரிடம் அளவிறந்த பக்தி பூண்டு, அவர் 1870-இல் காலஞ்செல்லும் வரையில் அவர்க்கு உற்ற துணையாயிருந்தார். தெளிந்த அறிவும் ஒரு கணத்தில் நிலைகுலையக்கூடும் என்பதை இளமையிலேயே அருகிருந்து கண்டவர், பிற்காலத்தில் பணச்சந்தையின் பீதியை அத்துணை நுட்பமாக ஆராய முற்பட்டது வியப்பன்று.

கல்வி

தந்தையார் யூனிடேரியன் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சார்ந்தவர். அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு சர்வகலாசாலைகளிலும் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கூறும் சமயச் சோதனைகள் இருந்தன. மனச்சாட்சிக்கு மாறான அச்சோதனைக்குத் தம் புதல்வரை உட்படுத்த விரும்பாத தந்தையார், 1842-ஆம் வருஷத்தில் அவரை லண்டன் யூனிவர்ஸிடி காலேஜுக்கு அனுப்பினார். அங்கே பாஜட் 1846-இல் பி. ஏ. பரீக்ஷையில் முதல் வகுப்பிலும், 1848-இல் எம். ஏ. பரீக்ஷையில் தங்கப் பதக்கத்துடனும் தேறினார். ரிச்சர்டு ஹோல்ட் ஹட்டன் என்னும் உயிர் நண்பர் அவர்க்கு வாய்த்ததும் அங்கேதான்.

பிறகு சட்டம் பயின்றார். ஆயினும் அத்தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. 1851-ஆம் வருஷக் கடைசியில் பாரிஸ் நகரம் சென்றிருந்தபோது, லூயி நெப்போலியன் அரசியலமைப்பைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சியை நேரிற் கண்டார். அதுபற்றி ஒரு பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். சுதந்திரப் பற்றுடைய நண்பர்கள் பலரும் வெறுத்த அச்செயலை அவர் ஆதரித்தெழுதினார். கடையடைத்து அஞ்சிக் கிடக்கும் ஊரில் வியாபாரமும் இல்லை, உணவும் இல்லை, ஆதலால் முதலில் வேண்டுவது அச்சம் நீங்குதலே என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதம் முற்றும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும், ஜனங்களின் அச்சமே பொருளாதாரத்தின் பெரும் பகைவன் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அன்றே வேரூன்றியதை நாம் அறிகிறோம்.

குலத்தொழில் புகுதல்

1852-ஆம் வருஷத்தில் வக்கீலாகும் தகுதி பெற்றும் அத்தொழிலைக் கைவிட்டு, லாங்போர்ட்டுக்குத் திரும்பித் தந்தையாருடன் பாங்கியில் அமர்ந்தார். சர்வகலாசாலைப் பட்டமும் பதக்கமும் பெற்றவர் சிற்றூர்ப் பாங்கியில் கணக்குப் பார்ப்பது குறைவென்று அவர் எண்ணவில்லை. கூட்டல் கழித்தலில் அவர்க்கு அடிக்கடி பிழை நேர்வதுண்டென்பர். எனினும் தொழிலின் உயிர்நிலையை விரைவில் கண்டுகொண்டார்.

அவ்வுயிர்நிலை யாதெனிற் கூறுவோம். ஸாமர்ஸெட் உழவுத் தொழில் மிகுந்த நாடு. அங்குள்ள பண்ணையார்களும் சிறு வியாபாரிகளும் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்டக்கி போன்ற பாங்கிகளில் இடுவர். அவ்வளவு பணத்தையும் அவ்வூரிலேயே கடன் கொடுக்க வழியில்லை. அதே வேளையில் லாங்காஷயர், யார்க்‌ஷயர் முதலிய வடநாட்டுப் பகுதிகளில் ஆலைகள் பெருகிப் பணத் தேவை மிகுந்திருந்தது. முன்னையோர் பணம் லண்டன் நகரின் லாம்பார்டு வீதிக்குச் செல்லும். பின்னையோர் எழுதிய உண்டியல்களும் அவ்வீதிக்கே வரும். அவ்வுண்டியல்களை வட்டம் கழித்து வாங்கி விற்கும் தரகர்கள் இடையில் நின்று இரண்டையும் இணைத்து வைப்பர். இங்ஙனம் உழவர் நாட்டுப் பணம் ஆலை நாட்டுக்குப் பாயும் வாய்க்காலாக லாம்பார்டு வீதி விளங்கியது. பாஜட் அவ்வாய்க்காலின் மேல்முனையில் பல வருஷம் நின்று தொழில் பார்த்தவர். ஆதலின் கடைமடையில் நடப்பதையும் அவர் ஊகித்தறிய முடிந்தது.

விவாகமும் பத்திராதிபத்தியமும்

பாங்கி வேலையோடு இலக்கிய விமர்சனமும் அரசியற் கட்டுரைகளும் எழுதிவந்த பாஜட், 1855-இல் நண்பர் ஹட்டனுடன் சேர்ந்து நேஷனல் ரிவ்யூ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1857-இல் ஜேம்ஸ் வில்ஸன் என்பாரின் நட்புக் கிடைத்தது. வில்ஸன் 1843-இல் எக்கனாமிஸ்ட் என்னும் வாரப் பத்திரிகையை நிறுவியவர். தீர்வையற்ற சுதந்திர வியாபாரத்துக்காக ஓயாது வாதாடியவர். அவருடைய மூத்த குமாரி எலைஸா அம்மையாரை 1858-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாஜட் மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

இந்த ஜேம்ஸ் வில்ஸனுக்கும் நம் தேசத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின் இந்திய ஸர்க்காரின் வரவு செலவு பெருங் குழப்பத்தில் ஆழ்ந்தது. அதனைச் சீர்செய்யும் பொருட்டு வில்ஸன் 1859-இல் வைசிராயின் சபையில் நிதி அங்கத்தினராகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1860-இல் இந்நாட்டில் முதன்முதலாக வருமான வரியை விதித்தவர் அவரே. ஸர்க்காரே நோட்டு வெளியிடும் திட்டத்தையும் அவர் வகுத்தார். அவர்க்குப் பின் 1861-இல் நிறைவேறிய காகித நாணயச் சட்டத்தால் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாண பாங்கிகள் சொந்த நோட்டு வெளியிடும் உரிமையை இழந்தன. ஆனால் வில்ஸன் அச்சட்டத்தைக் காண இருக்கவில்லை. 1860-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சீதபேதியால் கல்கத்தாவிலேயே உயிர் நீத்தார்.

மாமனார் காலஞ்சென்றபின் எக்கனாமிஸ்டின் பொறுப்பு பாஜட்டின் மேல் வந்தது. 1861 முதல் தம் அந்திய காலம் வரையில் பதினாறு வருஷம் அவரே அதன் பத்திராதிபர். வாரந்தோறும் பணச்சந்தையின் போக்கை அவர் எழுதிய முறையே தனி. தங்கம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வட்டி ஏன் ஏறுகிறது, யார் அஞ்சுகிறார், யார் துணிகிறார் என்றெல்லாம் தொழிலாளியின் கண்கொண்டு பார்த்துப் புலவனின் நாவால் சொல்லுவார். கட்சிப் பேதமின்றி நிதி மந்திரிகள் அவரிடம் ஆலோசனை கேட்டனர். 1867-இல் புத்தகமாக வெளிவந்த ஆங்கில அரசியலமைப்பு பற்றிய அவரது நூல் இன்றும் அரசியல் மாணாக்கரால் பயிலப்படுகின்றது.

பார்லிமெண்டில் அமர வேண்டுமென்னும் ஆசை அவர்க்கிருந்தும் அது கைகூடவில்லை. 1866-இல் பிரிட்ஜ்வாட்டர் தொகுதியில் நின்று ஏழு வாக்குகளால் தோற்றார். அத்தொகுதி வாக்கை விலைக்கு விற்பதிற் பேர்போனது. அங்கே லஞ்சம் வழங்கியதுபற்றிப் பின்னர் விசாரணை நடந்து, தொகுதியின் உரிமையே பறிக்கப்பட்டது.

1866-ஆம் வருஷத்துப் பீதி

பாஜட்டின் பெயர் பாங்கி உலகில் நிலைபெறக் காரணமான நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறோம். லாம்பார்டு வீதியில் ஓவரெண்டு கர்னி கம்பெனி என்பதொரு பெரிய ஸ்தாபனம் இருந்தது. உண்டியல் வியாபாரத்தில் இங்கிலாந்து பாங்கிக்கு அடுத்தபடியாக அதனையே சொல்லுவர். கர்னி என்னும் பெயரே நாணயத்துக்கு மறுபெயராக வழங்கிய காலம் அது. ஆனால் முதியோர் ஓய்ந்தபின் வந்த இளைய நிர்வாகிகள் தொழிலின் வரம்பைக் கடந்தனர். உண்டியல் என்பது மூன்று மாதத்தில் பணமாகித் திரும்புவது. அவர்களோ கேட்டவுடன் கொடுக்கவேண்டிய நடப்புப் பணத்தைக் கொண்டுபோய் ரயில் பாதைகளிலும் கப்பல்களிலும் ஆண்டுக்கணக்கில் முடக்கினர். 1865-இல் கம்பெனியைப் பங்குக் கம்பெனியாக மாற்றி, உள்ளே இருந்த ஓட்டையைப் பொது ஜனங்களின் தலையிற் கட்டினர்.

1866-ஆம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி வியாழக்கிழமை பிற்பகலில், 1 கோடியே 10 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட பொறுப்போடு அக்கம்பெனி கதவை மூடியது. முன்னதாக அது இங்கிலாந்து பாங்கியிடம் உதவி கேட்டது. கணக்கைச் சோதித்த இங்கிலாந்து பாங்கி, உள்ளீடு கெட்டுவிட்டதென்று கண்டு மறுத்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை லண்டன் நகரில் உண்டான கலக்கத்துக்கு எல்லையில்லை. கர்னியே முறிந்தால் யார்தான் முறியார் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். நல்ல பாங்கி, கெட்ட பாங்கி என்ற வேற்றுமையின்றி எல்லா வாயில்களிலும் பணம் போட்டோர் திரண்டனர்.

அன்று இங்கிலாந்து பாங்கி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கர்னிக்கு உதவ மறுத்த அதே பாங்கி, நல்ல ஈடு கொண்டுவந்த மற்ற யாவருக்கும் தாராளமாகக் கடன் கொடுத்தது. ஒரே நாளில் அதன் ரொக்கக் கையிருப்பில் ஏறக்குறையப் பாதி வெளியேறியது. 1844-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 1 கோடியே 40 லட்சம் பவுன் அளவுக்கு மேல் அப்பாங்கி வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் தங்கமோ வெள்ளியோ இருப்பு வைத்தல் வேண்டும். கையிருப்பு வற்றிவிடுமென்ற அச்சம் எழவே, வேண்டுமாயின் அவ்வரம்பைக் கடக்கலாமென்று ஸர்க்கார் கடிதம் கொடுத்தனர். வட்டி நூற்றுக்கு 10 ஆக உயர்த்தப்பட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் அவ்வண்ணமே நின்றது. ஆனால் அனுமதி கிடைத்தும் வரம்பைக் கடக்கவேண்டிய அவசியமே நேரவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த மாத்திரத்தில் கேட்பார் குறைந்தனர். தாகத்தைக்காட்டிலும், தண்ணீர் இல்லை என்ற பேச்சே அதிகம் கொல்லும் என்பது இதனால் விளங்கும்.

லாம்பார்டு வீதி என்னும் நூல்

அந்நெருக்கடி தணிந்தபின் பாஜட் தம் பத்திரிகையில் ஒரு பெருவாதத்தைத் தொடங்கினார். இங்கிலாந்து பாங்கி மற்றப் பாங்கிகளைப் போன்ற ஒரு சாதாரணப் பாங்கியன்று. தேசம் முழுவதற்கும் கடைசிக் கையிருப்பு அதனிடமே உள்ளது. ஆதலால் பீதிக் காலத்தில் கடன் கொடுப்பது அதன் தயவன்று, கடமை என்றார். அப்பாங்கியின் பழைய கவர்னரான தாம்ஸன் ஹாங்கி என்பார் இதனைக் கடுமையாக மறுத்தார். கஷ்டகாலத்தில் உதவி நிச்சயம் என்று சொல்லிவிட்டால், மற்றப் பாங்கிக்காரர் தம் கையிருப்பைக் குறைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இலாபத்துக்காக வெளியில் விட்டு, ஆபத்து வந்ததும் ஓடிவருவர். இது சோம்பேறிக்குச் சோறிடுவதாகும் என்பது ஹாங்கியின் கட்சி.

இக்கேள்விக்கு முழு விடையாகப் பாஜட் 1873-ஆம் வருஷத்தில் லாம்பார்டு வீதி என்னும் நூலை வெளியிட்டார். அதில் அவர் முதலிற் காட்டுவது லண்டனில் குவிந்துள்ள கடன் பணத்தின் அளவை. லண்டனில் கணக்கு வெளியிடும் பாங்கிகளிலுள்ள டிபாசிட்டு 12 கோடி பவுன். நியூயார்க்கில் 4 கோடி. பாரிஸில் 1 கோடியே 30 லட்சம். ஜெர்மன் ஸாம்ராஜ்யத்தில் 80 லட்சம். மற்ற நாட்டவர் பணத்தைப் பெட்டியிற் பூட்டி வைக்க, ஆங்கிலேயர் பாங்கியில் இட்டனர். அதனாலேயே உலகத்து வியாபாரத்துக்கு உடனடியாகப் பணம் கிடைக்குமிடமாக லண்டன் ஆயிற்று. ஆனால் இம்மாளிகை முழுதும் எதன்மேல் நிற்கிறது? நாட்டுப்புறப் பாங்கிகள் தம் கையிருப்பை லண்டன் பாங்கிகளிடம் வைத்துள்ளன; லண்டன் பாங்கிகள் இங்கிலாந்து பாங்கியிடம் வைத்துள்ளன. எல்லோரும் இருப்பதாக எண்ணும் பணம் ஒரே பெட்டியில், சிறிய அளவில் உள்ளது. ஒரு குளத்தை நம்பி ஊரெல்லாம் கிணறு வெட்டாமல் இருப்பதற்கு இது ஒப்பாகும்.

ஒவ்வொரு பாங்கியும் தன் கையிருப்பைத் தானே காப்பதுதான் இயற்கையான முறையென்று பாஜட்டும் ஒப்புக்கொள்கிறார். எனினும், பல தலைமுறையாக வளர்ந்துவிட்ட ஏற்பாட்டைப் புத்தகத்திற் கண்டபடி இடித்துக் கட்ட முடியாது. இருப்பதை அறிந்து, அதனை ஒழுங்காக நடத்துவதே விவேகம் என்கிறார். அதற்கு அவர் வகுத்த விதிகள் சிலவே.

முதலாவது, வெளிநாட்டுக்குத் தங்கம் ஓடும்போது வட்டியை உயர்த்துக. உயர்ந்த வட்டியைத் தேடிப் பணம் திரும்பி வரும். இரண்டாவது, உள்நாட்டில் பீதி எழும்போது தயங்காமல், நல்ல ஈடு தரும் யாவருக்கும் கடன் கொடுக்க. பீதிக் காலத்தில் கையிருப்பை மூடிவைப்பது பீதியை வளர்க்கும்; கையிருப்பு என்பதே அத்தகைய நாளில் செலவிடுவதற்காக வைத்தது. மூன்றாவது, அக்கடனை உயர்ந்த வட்டிக்கே கொடுக்க. உண்மையான தேவை இல்லாதவன் வாரான். பணம் சந்தையில் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கடன் தானே திரும்பும். நான்காவது, சாதாரண காலத்தில் நல்லதென மதிக்கப்படும் ஈட்டின் மேல்தான் கொடுக்க. அடியோடு கெட்ட ஸ்தாபனத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை, அப்படிப்பட்டவர் சிலரே. நல்லவரும் அவரோடு சேர்ந்து விழாமற் காப்பதே நோக்கம். ஐந்தாவது, இவ்வாறு செய்வோம் என்பதை முன்னதாகவே உலகறியச் செய்க.

ஹாங்கியின் ஆட்சேபத்துக்கு விடை இவ்விதிகளிலேயே அடங்கியுள்ளது. உயர்ந்த வட்டி அசட்டைக்குத் தண்டனையாகிறது. நல்ல ஈடு என்னும் நிபந்தனை மோசக்காரனை வாயிலிலேயே நிறுத்துகிறது. இக்கருத்துக்களின் வித்தை 1802-ஆம் வருஷத்திலேயே ஹென்றி தார்ன்டன் என்னும் பாங்கர் தம் நூலில் ஊன்றியிருந்தார். ஆயினும் அதனைச் சந்தையில் நிற்பவனுக்கும் மந்திரிசபையில் இருப்பவனுக்கும் ஒருங்கே விளங்குமாறு செய்த பெருமை பாஜட்டுடையதே.

குறைகள்

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் புகழ் மாத்திரமே கூறுதல் தகாது. பாஜட்டின் கணிப்புகள் பல இடங்களில் பொய்த்தன. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென்னாடு பிரிந்துபோகும் என்றே அவர் எண்ணியிருந்தார். ஏழை ஜனங்களுக்கு வாக்குரிமை விரிவடைவதை அஞ்சினார். நம் தேசத்தைப் பாதித்த ஒரு விஷயத்திலும் அவர் கணிப்புத் தவறியது. ஜெர்மனி 1870-க்குப் பின் தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கவே, வெள்ளியின் விலை வீழ்ந்தது. நம் ரூபாய் அக்காலத்தில் வெள்ளி நாணயம். 1876-இல் இதுபற்றி விசாரித்த பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் பாஜட் சாட்சியம் கூறினார். அவ்வீழ்ச்சி பெரும்பாலும் தற்காலிகமானதென்றும், விலை குறைந்த வெள்ளி இந்தியாவின் ஏற்றுமதியைப் பெருக்கித் தானே சமநிலை அடையுமென்றும் அவர் கருதினார். நடந்ததோ வேறு. ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 1893-ஆம் வருஷத்துக்குள் 1 ஷில்லிங் 3 பென்ஸு அளவுக்கு இறங்கியது. அவ்வருஷத்தில் இந்திய நாணயசாலைகள் பொது ஜனங்களின் வெள்ளியை வாங்கி நாணயம் அடிப்பதை நிறுத்தின. சந்தையை நன்கறிந்தவரும் சந்தையின் வருங்காலத்தை அறியார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கடைசி ஊழியமும் மரணமும்

ஸர்க்காருக்குக் குறுகிய காலக் கடன் தேவைப்பட்டபோது, அக்காலத்து நிதி மந்திரி ஸர் ஸ்டாபர்டு நார்த்கோட் பாஜட்டின் யோசனையை நாடினார். வியாபாரிகளின் உண்டியல் சந்தையில் எளிதில் விலைபோகின்றது. ஸர்க்காரும் அதே உருவத்தில், சில மாதத் தவணையில், வட்டம் கழித்து விற்கும் சீட்டொன்றை வெளியிட்டால் உலகத்திலேயே சிறந்த உண்டியலாக அது மதிக்கப்படும் என்பது பாஜட் சொன்ன யோசனை. அதன்படி 1877-இல் டிரஷரி பில் என்பது பிறந்தது. இன்று நம் ரிஸர்வ் பாங்கு இந்திய ஸர்க்காருக்காக 91 நாள், 182 நாள், 364 நாள் தவணைகளில் ஏலம் விடும் பில்களும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. நம் முன்னோர் கடல் கடந்து அனுப்பிய உண்டியலுக்கும் அரசாங்கத்தின் பில்லுக்கும் ஜாதி ஒன்றே என்பதை நம் இளைஞர் உணர்தல் வேண்டும்.

அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜலதோஷம் கண்டு, அது நுரையீரலைப் பற்றிக்கொள்ளவே, 24-ந் தேதி லாங்போர்ட்டில் தந்தையார் இல்லத்திலேயே பாஜட் காலஞ்சென்றார். அப்போது அவர்க்கு வயது 51. முதிய தந்தையார் மகனுக்குப் பின்னும் நான்கு வருஷம் உயிரோடிருந்தார்.

நாம் அறியவேண்டுவது

பாஜட்டின் கொள்கை நம்மவர் வாழ்விலும் சோதிக்கப்பட்டதுண்டு. 1906-ஆம் வருஷம் அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி முறிந்தபோது, அதன் பெயரை நம்பிப் பணம் போட்ட எத்தனையோ குடும்பங்கள் வாழ்நாட் சேமிப்பை இழந்தன. கர்னியின் கதையே சென்னையில் மீண்டும் நடந்தது எனலாம். அத்துயரத்தினின்றே 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றியதும், அதன் தோற்றத்தில் நகரத்தார் பங்கு கொண்டதும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கன.

பர்மாவில் நேர்ந்ததோ இன்னும் பெரிது. 1930-ஆம் வருஷத்துக்குப் பின் நெல் விலை வீழ்ந்தபோது உழவரால் கடனைக் கட்ட முடியவில்லை. நம்மவர் கொடுத்த பணம் நிலமாகத் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே நகரத்தாரிடம் இருந்தது. 1938-க்குள் அது 25 பங்காயிற்று. வெளியிலிருந்து பார்த்தோர் இதனைச் செல்வப் பெருக்கமென்று எண்ணிப் பகைத்தனர். தொழிலறிந்தோர்க்கோ இது தொழிலின் முடக்கமாகவே தோன்றியது. ஊரிலே டிபாசிட்டு வாங்கிய பணத்துக்குத் தவணை வட்டி ஓடிக்கொண்டிருக்க, பர்மாவில் விற்க முடியாத வயல் கிடந்தது. அந்நாளில் நல்ல கணக்குடைய கடைக்கும் ஈட்டின்மேல் ரொக்கம் கொடுத்துத் தாங்குவாரில்லை. 1935-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய ரிஸர்வ் பாங்கின் ஆதரவு வட்டத்துக்குள் நம்மவர் கடைகள் சேரவில்லை. 1942-இல் யுத்தமும், 1948-இல் பர்மிய நிலச்சட்டமும் எஞ்சியதையும் கொண்டுபோயின. கடைசிக் கையிருப்பு யாரிடம் உள்ளது, நம்மால் அதனை எட்ட முடியுமா என்று பாஜட் கேட்கச் சொன்ன கேள்வி எத்துணை உயிர்ப்பானதென்பதற்கு நம் குலத்தின் சரித்திரமே சாட்சி.

2007-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் என்னும் பாங்கியின் வாயிலில் ஜனங்கள் வரிசையாக நின்றனர். இங்கிலாந்து பாங்கியின் உதவி அதற்குக் கிடைக்கப்போகின்றது என்ற செய்தியே அவர்களை அங்கே கொண்டுவந்தது. உதவியின் முறை முன்னரே உலகறிய வகுக்கப்படாவிடின், அது வரும்போது அபயக் குரலாகவே கேட்கும் என்பதைப் பாஜட் படித்தோர் அன்று நினைவு கூர்ந்தனர். மறுவருஷம் அமெரிக்காவில் தொடங்கிய பெரு நெருக்கடியில் உலகத்து மத்திய பாங்குகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. ஆனால் பெரும்பாலும் குறைந்த வட்டிக்கே கொடுத்தன. ஈட்டின் தரத்தையும் தளர்த்தின. பாஜட்டின் விதிகளுள் எளியதைக் கைக்கொண்டு கடியதை விட்டனரோ என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. ஹாங்கி எழுப்பிய ஆட்சேபமும் அவ்வாதத்தில் உயிரோடிருக்கிறது.

நம் குல இளைஞர் இன்று பாங்குகளிலும் பங்குச் சந்தைகளிலும் கணக்காய்வுத் தொழிலிலும் பரந்து நிற்கின்றனர். அவர்கள் வட்டி ஏறுவதையும் இறங்குவதையும் செய்தியாக மாத்திரம் படித்து விடாமல், அதன் காரணத்தைக் கற்றறிதல் வேண்டும். ஐந்தொகை எழுதும்போது இலாபத்தை மட்டும் பாராது, நாளைக் காலையில் எல்லோரும் வந்து கேட்டால் கொடுக்க எவ்வளவு உண்டு, முடங்கியது எவ்வளவு என்றும் பார்த்தல் வேண்டும். சிற்றூர்ப் பாங்கியின் மேசையிலிருந்து பாஜட் கற்றது இவ்வளவே. அது நம் முதியோர் கடையிலேயே சொல்லிக் கொடுத்த பாடமுமாம். நம் வீட்டுப் பழைய பேரேடுகளைக் கரையானுக்கு விடாமல் எடுத்து வைத்து, அவற்றோடு லாம்பார்டு வீதியையும் சேர்த்துப் படிப்பார்களாயின், இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே நாணயம் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.